தெரியாமல் கொடுத்த ஸ்தோத்திரம்

எட்சன் வாசித்தால் கடவுளுக்கு ஒரு தடவை சொன்னால் போதும் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியது யாரென்று தெரியாது. எட்சனே கிளப்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை. மயிலாடிக்கும் அஞ்சுகிராமத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன சபைக்கு அவன்தான் செயலர். வாரநாளில் மயிலாடியில் கல்வேலைக்காரர்களுக்குக் கட்டிங் பிளேடும் உளியும் விற்கிற கடைக்காரன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு மைக்கின் முன் நின்றால் ஆளே வேறு.

சபையில் அவனுக்குள்ள பெரிய வேலை காணிக்கைக் கவர்களை வாசிப்பது. நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஸ்தோத்திரக் கவர் போடுவார்கள். ஏதாவது நடக்க வேண்டியவர்கள் ஜெப விண்ணப்பக் கவர் போடுவார்கள். எதற்காக என்று கவரின் மேலேயே எழுதியிருக்கும். ஆராதனைக்கு முன் எட்சன் கோவிலை ஒட்டியிருக்கும் வெஸ்டரி அறையில் உட்கார்ந்து அவற்றை இரண்டு கட்டாகப் பிரிப்பான். ஸ்தோத்திரம் இடப்பக்கம், விண்ணப்பம் வலப்பக்கம். எழுதியிருப்பதை அப்படியே வாசிக்க மட்டும் அவனுக்கு மனசு வராது. 'மாடு கன்னு போட்டதுக்கு' என்று கவரில் இருந்தால், 'தங்கள் பசுவானது யாதொரு சேதமுமின்றிக் கன்று ஈன்றிடக் கிருபை செய்த தேவனுக்கு' என்று அது மைக்கில் வரும். மாட்டுக்காரரே அது யார் வீட்டு மாடு என்று திரும்பிப் பார்ப்பார்.

இத்தனை வருஷம் வாசித்ததில் அவனாகவே ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். வலப்பக்கம் வந்தது கொஞ்ச நாளில் இடப்பக்கம் போகும். சவூதி விசா கிடைக்க விண்ணப்பம் போட்டவன், விசா வந்ததும் ஸ்தோத்திரம் போடுவான். போய்ச் சேர்ந்த பிறகு அந்த முதலாளியிடமிருந்து அவனை மீட்டுத் தரச்சொல்லி அவன் மனைவி புதிதாக ஒரு விண்ணப்பம் போடுவாள், அது வேறு விஷயம். கேட்டால் கிடைக்கும், கிடைத்தால் நன்றி சொல்ல வேண்டும். எட்சனுடைய விசுவாசம் இவ்வளவுதான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

அவன் வீட்டுக் காரியமும் அந்த வழியிலேதான் போயிற்று. கல்யாணமாகி ஆறேழு வருஷம் பிள்ளை இல்லை. பிள்ளை வேண்டி அவனும் மனைவி பிரீனாவும் போட்ட விண்ணப்பத்தையும் அவனேதான் வாசிக்க வேண்டியிருந்தது. அந்த ஒன்றை மட்டும் கடகடவென்று வாசித்துவிட்டு அடுத்த கவருக்குத் தாவிவிடுவான். பிறகு பிரீனா உண்டானாள். ஆண்பிள்ளை பிறந்தது. அடுத்த ஞாயிறே, 'எங்கள் நெடுநாள் கண்ணீரைத் துடைத்து, பூரண சுகத்தோடு ஓர் ஆண் குழந்தையை ஈவாகத் தந்த தேவனுக்கு' என்று எட்சன் முழங்கினான். பாடகர் குழுப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சபை முழுக்க லட்டு கொடுத்தான். பிள்ளைக்கு ரிஜோ என்று பெயர் வைத்தார்கள்.

ரிஜோ பால் குடிக்கவில்லை. மார்பில் வாயை வைப்பான், இழுக்கத் தெரியாது. நாக்கு வெளியே வந்து வந்து நிற்கும். தூக்கினால் உடம்பு ஈரத்துணி மாதிரி கைக்குள் துவண்டது. பிரீனா பாலைப் பீய்ச்சிச் சங்கில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். நாகர்கோவில் டாக்டர் பிள்ளையின் கண்ணையும் உள்ளங்கையையும் பார்த்தார். அதுவரை கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன் பேச்சைக் குறைத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரச் சில வாரம் ஆயிற்று.

டவுன் சிண்ட்ரோம் என்று அங்கிருந்த லேடி டாக்டர் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். இருதயத்தில் கோளாறு இல்லை, அதுவே பெரிய காரியம். உட்கார, நடக்க, பேச எல்லாம் பிந்தும். பயிற்சி கொடுக்கக் கொடுக்க வரும். எவ்வளவு வரும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

"மருந்து?" என்றான் எட்சன்.

"மருந்தில்லா. இதொரு அசுகமல்ல, மோனே."

நோயே இல்லையாம். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறதாம், அவ்வளவுதானாம். திரும்பி வரும்போது களியக்காவிளை வரைக்கும் எட்சன் அதையே யோசித்துக்கொண்டு வந்தான். ஒன்று குறைவாக இருந்தால் கேட்டு வாங்கலாம். கூடுதலாக இருப்பதை என்ன செய்வது? எடுத்துவிடும் என்று கேட்பதா? ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ரிஜோதானா, இல்லை வேறு யாரோ ஒரு பிள்ளையா? பக்கத்தில் பிரீனா பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே வந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. முதல் ஆளாக விண்ணப்பம் போட்டது எட்சனுடைய அப்பாவின் தங்கை செல்லபாய் மாமி. மாமிக்குக் காது மந்தம், குரல் கனம். 'குழந்தை ரிஜோ பூரண சுகம் பெற' என்று வாராவாரம் கவர் வரும். மாமி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, எட்சனின் உதட்டைப் பார்த்து அதை வாசித்தாயிற்றா என்று சரிபார்த்துக்கொள்வாள். மாமியைப் பார்த்து இன்னும் நாலைந்து குடும்பம் போட்டது. எல்லாம் அன்புதான், அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் வாசிக்கிறவன் எட்சன் அல்லவா. பூரண சுகம் தந்ததற்கு நன்றி என்று இதே மைக்கில் சொன்ன அதே வாய், இப்போது பூரண சுகம் தாரும் என்று கேட்டது. இடப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்ட கவர் வலப்பக்கத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. அவன் வாசித்த காலத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

சபைப் போதகரிடம் போய்க் கேட்டான். ஐயர் என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள்.

"எல்லாம் கர்த்தருடைய சித்தம், தம்பி" என்றார் ஐயர்.

"சித்தம்னா அப்புறம் எதுக்கு ஐயரே சுகத்துக்கு ஜெபிக்கோம்?"

ஐயர் நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். "ஜெபிக்கத்தான் வேணும்" என்றார். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். எட்சன் குடித்துவிட்டு வந்தான்.

கடையில் சுதன் பிளேடு வாங்க வந்தான். பிள்ளையார் சிலை செய்கிறவன், எட்சனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன். ஏதாவது ஆறுதல் சொல்லிவிட வேண்டும் என்று வரும்போதே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறான் பாவம்.

"மக்கா, கல்லுக்குள்ள ரேகை ஓடிச்சுன்னு வையி, நாங்க என்ன செய்வோம், அத அப்பிடியே தள்ளிட்டு வேற கல்லு…"

தான் சொல்ல வருவது என்ன என்று பாதியிலேயே சுதனுக்கு விளங்கிவிட்டது. முகம் செத்துப்போயிற்று. "செரி, நான் பொறவு வாறேன்" என்று பிளேடை எடுக்காமலே இறங்கிப் போனான். எட்சனுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. ஐயரும் சுதனும் தன்னைப் போலத்தான் முழிக்கிறார்கள் என்று நினைத்தான், அதில் கொஞ்சம் சமாதானம்கூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது பிரீனா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடாதே என்று கையைக் காட்டினாள். ரிஜோ அவள் மார்பில் இருந்தான். இழுத்தான், நிறுத்தினான், மூச்சு வாங்கினான், மறுபடியும் இழுத்தான். காதோரத்தில் வியர்வை வழிந்தது. சங்கு ஜன்னலில் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. எட்சன் செருப்பைக் கழற்ற மறந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

பிள்ளை தூங்கிய பிறகு பிரீனா சொன்னாள், "நாளைக்கு நான் ஒரு ஸ்தோத்திரக் கவர் போடுதேன். நீங்க வாசிக்கணும்."

"எதுக்கு?"

"இவனுக்கு."

"இவனுக்குத்தான் அன்னைக்கே போட்டாச்சே. சபையில அத்தன பேரும் லட்டு தின்னாவளே."

"அது தெரியாமக் குடுத்ததாக்கும்."

 எட்சனுக்குக் கோபம் வந்தது. பதில் தெரியாத இடத்தில் அவனுக்குக் கோபம் வரும், அது பழைய வழக்கம்.

"நீ பாட்டுக்குச் சொல்லிட்ட. மாமி சுகத்துக்குக் கவர் போட்டிருப்பா. நான் அதயும் வாசிக்கணும், இதயும் வாசிக்கணும். இந்தப் பிள்ளையத் தந்ததுக்கு நன்றின்னும் சொல்லிட்டு, இவன மாத்தித் தாரும்னும் கேட்டா கடவுளு என்னத்த நினைப்பாரு?"

"அவரு என்னத்தயும் நினைச்சுக்கட்டும். இவன் இன்னைக்கு என்கிட்ட பால் குடிச்சான்."

"அப்பம் உனக்கு வருத்தமே இல்லியா?"

"இல்லன்னு யாரு சொன்னா? நேத்தும்தான் அழுதேன். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"மைக்குல நின்னு பொய் சொல்ல எனக்கு வராது, பிரீனா. எனக்கு நன்றி வரல்ல. வேற யாரயாவது வச்சு வாசிச்சுக்க."

"வேற ஆளு வாசிக்கதா இருந்தா எனக்கு வேண்டாம்" என்று அவள் பிள்ளைப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நன்றி வரவில்லை என்று சொன்னது உண்மைதானா என்று எட்சனுக்கே தெரியவில்லை. அந்த வியர்வையைப் பார்த்து நின்றபோது நெஞ்சில் ஏதோ வந்தது. அது நன்றியா, பயமா, இரக்கமா? இத்தனை வருஷம் ஊரார் மனசையெல்லாம் இரண்டு கட்டாகப் பிரித்தவனுக்குத் தன் மனசில் இருப்பது எந்தக் கட்டில் சேரும் என்று சொல்லத் தெரியவில்லை. நாளைக்கு வாசித்தால் பொய்யாகிவிடுமோ, வாசிக்காமல் விட்டால் பெற்ற பிள்ளையையே தள்ளிவிட்டதாகுமோ என்று பயந்தான்.

காலையில் வெஸ்டரி அறையில் பிரீனாவின் கையெழுத்தில் ஒரு கவர் இருந்தது. 'ரிஜோ சங்கு இல்லாமல் பால் குடித்ததற்கு.' அதற்கு அடியிலேயே மாமியின் கவர். 'குழந்தை ரிஜோ பூரண சுகம் பெற.' எட்சன் ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைத்தான். பிறகு பிரீனாவின் கவரை எடுத்து வலப்பக்கம் வைத்தான். மறுபடி எடுத்தான். மணி அடித்தது. ஐயர் அங்கியை மாட்டிக்கொண்டு கதவருகே நின்று பார்த்தார். எட்சன் அந்தக் கவரை மட்டும் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு எழுந்தான்.

ஸ்தோத்திரங்களை வாசித்தான். ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசம், ஒரு பெண்ணுக்கு நர்சிங் வேலை, பைக்கிலிருந்து விழுந்தவனுக்குக் கால் முறியாதது. கட்டு முடிந்தது. இப்போது ஒரு பாட்டு, அதன் பிறகு விண்ணப்பங்கள். பாடகர் குழு எழுந்திருக்கத் தயாரானது. எட்சன் பெண்கள் பக்கம் பார்த்தான். பிரீனா அவனைப் பார்க்கவில்லை. பிள்ளையின் வாயோரத்தைத் துவாலையால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அவன் வாசிப்பான் என்று நம்பியும் இல்லை, வாசிக்கவில்லை என்று முறைக்கவும் இல்லை. அவளுக்கு அங்கே வேலை இருந்தது.

எட்சன் சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்தான்.

"எட்சன், பிரீனா குடும்பத்தார். ரிஜோ சங்கு இல்லாமல் பால் குடித்ததற்கு."

அவ்வளவுதான். எழுதியிருந்ததற்கு மேல் ஒரு சொல் இல்லை. சபை இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்து, வராததால் பாட ஆரம்பித்தது.

பாட்டு முடிந்து விண்ணப்பங்களை வாசித்தான். மாமியின் கவர் வந்தபோது மாமி அவன் உதட்டையே பார்த்தாள். அதையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தான். மாமி திருப்தியாகத் தலையசைத்தாள். வலப்பக்கக் கட்டும் தீர்ந்தது. இனி அவன் போய் உட்கார வேண்டியதுதான். ஐயர் முழங்கால்போடத் தலையணையைச் சரிசெய்தார். எட்சன் போகவில்லை. வெறுங்கையோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் ஒரு விண்ணப்பம்" என்றான். அந்தப் பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது. "பிள்ளைக்காக என்ன கேட்கதுன்னு தெரியாத ஒரு தகப்பனுக்காக."

ஐயர் ஜெபத்தைத் தொடங்காமல் நின்றார். குடும்பத்தார் பெயரைச் சொல்லாத விண்ணப்பத்தை அந்தச் சபை கேட்டதில்லை. செல்லபாய் மாமிக்கு மட்டும் பொறுக்கவில்லை. பின்னால் திரும்பி, காதில் விழாத ஆத்திரத்தில் கோவில் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"ஏட்டி பிரீனா, அவன் கடைசில வாசிச்சானே, அது ஆரு போட்ட கவரு?"

பிரீனா பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மாமிக்குக் கேட்கிற மாதிரி உரக்கவே சொன்னாள்.

"நாங்க ரெண்டுபேரும் போட்டதாக்கும், மாமி."