எக்ஸுக்குப் பின்னால் நின்ற எல்

நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆங்கில எழுத்துகளில் எனக்கு நன்றாகத் தெரிந்தவை அட்டைப்பெட்டியின் மேல் இருப்பவைதான். எஸ், எம், எல், எக்ஸெல், டபுள் எக்ஸெல். பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருப்பவனுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

செக்கிங் டேபிளில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லடம் போய்க் கம்ப்யூட்டர் வகுப்பில் சி மொழி படித்தாள். முதல் கட்டம் தேறினால் ஆபீஸில் உட்கார வைப்பதாக மேனேஜர் சொல்லியிருந்தார். நாள் முழுக்க நின்றபடி துணியில் ஓட்டை தேடுவதிலிருந்து தப்பிக்க அவளுக்கு அது ஒன்றுதான் வழி. தேர்வுக்கு அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எழுதிய புரோகிராமைத் தானே ஓட்டிக் காட்டக் கூடாது. கம்ப்யூட்டர் தெரியாத ஒருவரை அழைத்து வந்து ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்க வேண்டும்.

"அண்ணாச்சி, நீங்க வாரியளா? எங்க ஆளுவ எல்லாரும் ஊர்லல்லா இருக்காவ" என்றாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க அம்மிணி."

"அதுக்குத்தானே கூப்பிடுதேன்!"

டேபிளே சிரித்தது. மறுத்துப் பேசவும் எனக்குக் கூச்சம். போனேன்.

பஸ்ஸில் சொல்லிக்கொடுத்தாள். கம்ப்யூட்டர் பனியன் சைஸ் கேட்கும், எழுத்தை அடித்து என்டர் தட்ட வேண்டும். சரியா என்று கேட்கும், ஆமாம் என்பதற்கு ஒய் அடித்து என்டர் தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

வகுப்பில் சின்ன வயதுப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். முதலில் எம் அடித்தேன். சரியா என்றது. ஒய் அடித்தேன். ஏற்றுக்கொண்டது.

"இன்னொண்ணு அடிங்கண்ணா" என்றார் வாத்தியார்.

திரையில் எஸ், எம், எல், எக்ஸ் என்று நான்கு எழுத்துகள் இருந்தன. கடைசியில் எக்ஸெல்லுக்குப் பதில் எக்ஸ் மட்டும் தனியாக இருந்தது என் கண்ணில் படவே இல்லை. பழக்கத்தில் எக்ஸும் எல்லும் அடித்து என்டர் தட்டினேன். சரியா என்ற கேள்வி வந்தது. நான் எதையும் தொடுவதற்குள் அதன் கீழே "ரத்து" என்று வந்து, எல்லாம் நின்றுவிட்டது.

"அண்ணன் கைய வெச்சதும் கம்ப்யூட்டரே பயந்துருச்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

காது சுட்டது. "நான் என்னமோ கெடுத்துப் போட்டனுங்க" என்று எழப்போனேன்.

"நீங்க உக்காருங்கண்ணா" என்றார் வாத்தியார். பிறகு அவளைப் பார்த்தார். "என்ன ஆச்சுன்னு சொல்லு கண்ணு. சொல்லிட்டீன்னா இப்பவே சரி பண்ணலாம். இல்லீனா அடுத்த பேட்ச்தான்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன்.

"ஒரு எழுத்தத்தான் எடுக்கச் சொல்லியிருக்கேன் சார். எக்ஸ எடுத்துருச்சு. அதுக்குப் பின்னால நிக்கது என்டர்தான்னு நெனச்சு, அடுத்தத எறியச் சொல்லியிருந்தேன். அண்ணாச்சி எக்ஸெல்லுன்னு அடிச்சிட்டாவ. எல் போச்சு, என்டர் அங்கனயே நின்னுருச்சு. சரியான்னு கேட்டதுக்கு அந்த என்டரயே பதில்னு எடுத்துக்கிட்டு, ஒய் இல்லன்னு ரத்து பண்ணிருச்சு."

எனக்கு அது புரிந்தது என்பதே எனக்கு ஆச்சரியம். நான் தட்டியதெல்லாம் உள்ளே வரிசையில் நிற்கிறது. கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகத்தான் கூப்பிடுகிறது. எக்ஸெல் என்பது எனக்கு ஒரு சைஸ். கம்ப்யூட்டருக்கு அது வரிசையில் நிற்கும் இரண்டு ஆட்கள்.

"அப்ப என்ன பண்ணோணும்?"

"என்டர் வார வரைக்கும் எல்லாத்தையும் எறியணும்."

"எழுது."

நான் எழுந்து இடம் விட, என் நாற்காலியில் உட்கார்ந்து வேகமாகத் தட்டினாள். எழுந்துகொண்டாள். நான் மறுபடியும் அதே எக்ஸெல்லை அடித்தேன். சரியா என்று கேட்டது. கேட்டுவிட்டுக் காத்திருந்தது. கம்பெனியில் எந்த மிஷினும் எனக்காகக் காத்திருந்ததில்லை. மெதுவாக ஒய் அடித்தேன்.

"பாஸ்" என்றார் வாத்தியார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடித்தபடி அவள் குனிந்து சொன்னாள்: "டபுள் எக்ஸெல் அடிச்சிருவியளோன்னு எனக்கு உசுரே இல்ல அண்ணாச்சி. அதையும் எக்ஸெல்லுன்னுதான் எடுத்திருக்கும். இன்னைக்கு ராத்திரியே அதச் சரி பண்ணிரணும்."

அடுத்து அதைத்தான் அடிப்பதாக இருந்தேன் என்று நான் சொல்லவில்லை.