பேச்சியக்கா ஏறாத ஜீப்

தேனி பேருந்து நிலையத்தருகே நேற்று யாரோ சூடான தோசைக்கல்லில் வெங்காயத்தைத் தேய்த்தார்கள். அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். பசியால் அல்ல. கம்பத்தில் நான் நடத்தும் சிறு உணவகத்தில் அந்த வாசனை எழுந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன.

எங்கள் கடைக்கு எதிரேதான் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் விடியலில் வந்து நிற்கும். மலையில் கூலி ஏறும்போதெல்லாம் எனக்குக் கலக்கம் பிடிக்கும். உழைப்பின் மதிப்பைப் பற்றி நூல்களில் அடிக்கோடிட்டுப் படித்தவள்தான், ஆனாலும். மதியச் சாப்பாடு முழுவதும் பேச்சியக்காவின் கையில் இருந்தது. மாலைத் தோசை செல்வம் மாஸ்டருடையது. மாஸ்டரின் சம்பளத்தில் பாதிதான் அக்காவுக்கு. அது தவறென்று அறிந்தே ஒத்திப்போட்டு வந்தேன்.

ஒருநாள் காலையில் அடுப்பு எரியவில்லை. வெளியே பார்த்தால், தூக்குவாளியுடன் ஜீப்பின் பின்படியில் ஒரு காலை வைத்து நிற்கிறார் பேச்சியக்கா.

"அக்கா, இன்னைக்கு நாப்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியிருக்காக!"

"அங்கன குனிஞ்சு காய் எடுத்தாலே இதவிடக் கூடத் தாராக தாயி. இங்கன நாலு அடுப்புல ஒத்தையா வேகுறேன்."

ஓட்டுநர் ஆரனை அழுத்தினார். "ஏ ஆத்தா, ஒரு காலு வண்டியில, ஒரு காலு ரோட்டுலன்னா மலை எப்படி ஏறுறது?"

உள்ளிருந்த பெண்கள் சிரித்தார்கள். "மாஸ்டருக்கு என்ன சம்பளமோ, இனி அதேதான் ஒங்களுக்கும்!" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டேன். தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம். பதற்றத்துக்கு அந்த நிதானம் ஏது? அக்கா காலை இறக்கினார்.

செய்தி எனக்கு முன்பே மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. பிற்பகலில் வந்தவர் உட்காரவில்லை.

"கொழம்பு வைக்கிறதும் கல்லுல நிக்கிறதும் ஒண்ணாம்மா? எனக்கும் கூட்டுங்க."

கூட்டினால் தோசை விலை ஏறும். மாலையில் உண்ண வருபவர்களோ சந்தையில் மூட்டை தூக்குபவர்கள்; அந்த விலை அவர்களுக்குக் கட்டாது. நான் வாய் திறக்குமுன் அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "எனக்குச் சொன்னதக் கொறச்சுக்கிருங்க தாயி."

"சொன்னது சொன்னதுதான்" என்றேன்.

"அப்படின்னா, தோசையவும் அக்காவே சுடட்டும்." மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அக்காவும் சுட்டுத்தான் பார்த்தார். "இது தோசையா, மேகமலை வரைபடமா?" என்றார் ஒருவர். ஒரு வாரத்தில் கல்லை இறக்கி வைத்தோம்.

மதியச் சாப்பாடு பிழைத்துக்கொண்டது. பேச்சியக்கா இன்றும் வருகிறார். மாலைகள்தாம் போய்விட்டன, மூன்று மணிக்கே கதவை இறக்கிவிடுகிறோம். ஒரே தோசைக்கு நான்கு முறை சட்னி கேட்டு, அதையே இரவுச் சாப்பாடாக்கிக்கொண்டு போன அந்த மூட்டைக்காரர்களைச் சந்தைப் பக்கம் இப்போதும் பார்க்கிறேன். அவர்களுடைய கூலி ஏறியதா என்று கேட்கும் துணிவு மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.