ஃப்ளோரன்ஸ் அக்காவின் இடது கை

இன்று காலை அக்காவின் நல்லடக்கத்தில் பங்குச் சாமியார், "ஃப்ளோரன்ஸ் பொறுமையே உருவானவள்" என்றார். பார்வையில்லாதவர்களைப் பற்றிச் சொல்ல வேறு எதுவுமே கிடைக்காதா? என் அக்காவுக்குப் பொறுமை கிடையாது. இருந்திருந்தால் ஒன்பது வருடங்களுக்கு முன்பே வேலை போயிருக்கும்.

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். பழைய போர்டில் அழைப்பு வந்தால் அந்த லைனின் தகடு டக்கென்று விழும். விரலால் தடவிப் பார்த்து இணைப்பாள். அறுபத்தெட்டில் புதிய போர்டு வந்தது. தகடுகள் இல்லை, லைனுக்கு ஒன்றாக எட்டு விளக்குகள். மாதக் கடைசிக்குள் சமாளிக்காவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்றார் மேனேஜர்.

துறைமுகத்தில் எலக்ட்ரீசியனாக இருந்த எங்கள் தம்பி ஜேக்கப், எட்டு விளக்குகளுக்கும் எட்டு மணிகளை வைத்தான். ஒவ்வொன்றும் ஒரு சத்தம்.

"இன்னாடா இது, தேர்த் திருவிழா பேண்டா?" என்றாள் அக்கா மறுநாளே.

"கண்ண மூடிகினு நானே டெஸ்ட் பண்ணேங்கா. ஷோக்கா கீது."

"நீ மூடுன கண்ண தொறந்துக்குவ. காதுல ஆளுங்க பேசிகினு இருக்கசொல்ல மணி எப்படிடா கேக்கும்?"

அடுத்து, அழைப்பு வந்தால் விளக்கின் பக்கத்தில் ஓர் ஊசி நீட்டும்படி செய்தான். மேலே கையைத் தூக்கித் தேடித் தேடி அவளுக்குத் தோள் கடுத்தது. மாதம் முடிய நான்கு நாள்தான். "பாவம், எவ்வளவு உழைக்கிறான்" என்றேன். எனக்கும் விழுந்தது வசவு.

"பாவமா? இன்னா வேணும்னு என்னாண்ட ஒரு வார்த்த கேட்டானா? வலது கை ஒயர் சொருகுது. காது பேச்ச கேக்குது. இடது கை மேஜை மேல சும்மா கெடக்குது. அதுக்குக் குடுங்கடா வேலைய!"

ஜேக்கப் அவளுடைய இடது கையை ஒரு பலகையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தான். நான்கு விரல்கள் படும் இடங்களில், விரலுக்கு இரண்டாக எட்டு ஊசிகள்; எந்த ஊசி நீட்டுகிறதோ அந்த லைனில் அழைப்பு.

கடைசி நாள் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஒரே சமயத்தில் போர்டுக்கு அழைக்கச் சொன்னார் மேனேஜர். ஓர் அழைப்பும் தவறவில்லை. அவர் ஜேக்கப்பின் கையைக் குலுக்கி, "இவங்களுக்கு இது வசதியா இருக்காப்பா?" என்று அவனிடமே கேட்டார்.

"சார், நான் இங்கதான் கீறேன். என்னைக் கேளுங்க" என்றாள் அக்கா. "இது வசதிதான். நாக்காலிதான் ஒசரம் பத்தல."

உயரமான நாற்காலி வர இரண்டு வருடம் ஆனது. வாரந்தவறாமல் கேட்டாள். போன மாதம் வரை அதில்தான் உட்கார்ந்திருந்தாள்.