தோணிக்கும் ஒரு பங்கு

கணக்குச் சொல்லிக் குடுக்கிற வேலைக்கு கணக்குத் தெரிஞ்சிருக்கோணுமெண்டு ஆரும் எனக்கு முதல்லயே சொல்லல்ல. ஓ.எல் சோதினையில கணக்குக்கு பெயில் விட்டு, பள்ளிக்கூடமும் நானும் ஒத்துவராமச் சும்மா திரிஞ்ச என்ன, பின்னேர வகுப்பு நடத்துற அக்கா ஒராள் பனிச்சங்கேணிக்கு அனுப்பி வச்சா. எல்லாம் மீன் புடிக்கிற வீட்டுப் புள்ளைகள், நாலாம் ஆண்டு. டியூசனுக்கு அனுப்ப வழியில்லாத வீடுகள்.

வகுப்பறை தந்த ஊர்ப் பள்ளிக்கூட பிரின்சிபல் சேர் பூட்டுத் திறப்பத் தரக்குள்ளயே சொல்லிற்றார்: "தவணை முடிய வந்து ஒரு கணக்குக் கேப்பன். புள்ளைகள் சொல்லாட்டி இந்த அறைக்குள்ள உடைஞ்ச மேசை கதிரையத்தான் அடுக்குவன், தம்பி." கணக்கெண்டாலே ஓடி ஒளியிற என்ட இனசனங்களே, என்ட நிலமைய யோசிச்சுப் பாருங்க.

புட்டுப் பாடம்

கரும்பலகையில அரை, கால் எண்டு கீறினா புள்ளைகள் கொட்டாவி விடுதுகள். கையில தொட்டாத்தான் மண்டையில ஏறுமெண்டு ஒரு நாள் குழல் புட்டு கொண்டு போனன். தேங்காப்பூ வச்ச இடத்தில உடைச்சா வடிவா நாலு துண்டு.

"இதில கால்வாசி எது?" எண்டு கேட்டுக்கொண்டு சோக் எடுக்க அந்தப் பக்கம் கிறுகினன். திரும்பிப் பாத்தா தட்டு மட்டும்தான் கிடக்கு. முன் வாங்கில இருந்த தர்மிகா, வாயெல்லாம் தேங்காப்பூ, விரலத் தூக்கினாள்: "அண்ணா, சம்பலும் கொண்டு வந்திருந்தா அரைவாசியும் விளங்கியிருக்கும்."

மாங்கா சரி, மீன் பிழை

மறுகா தின்னுற சாமானே வேணாமெண்டு விட்டன். புத்தகத்தில வகுத்தல் கணக்கெல்லாம் அப்பிள்ளதான். இந்தப் புள்ளைகளுக்கு அப்பிள் என்னத்துக்கு எண்டு, பெரிய கெட்டிக்காரன் மாதிரி மட்டையில மீன் வெட்டிக் கொண்டு போனன். "பன்னிரண்டு மீன், நாலு பேர். பிரிங்க."

வகுப்பே ஒரே குரல்ல சொல்லிச்சு, "ஆளுக்கு ரெண்டு." மீனெல்லாத்தையும் மாங்காயெண்டு நினைங்க எண்டன். "மூண்டு." திரும்ப மீனெண்டன். "ரெண்டு." பிழை விட்டாலும் ஆளுக்கொரு பிழை விடோணுமே, எல்லாரும் எப்பிடி ஒரே பிழைய விடுவாங்க? மேசையில மிஞ்சின நாலு மட்டை மீனையும் ரெண்டு ரெண்டா ஒதுக்கி வச்சிருந்திச்சுகள். அதில ஒண்டத் தொடப் போனன். தர்மிகா என்ட கையத் தட்டி விட்டாள்: "அது நமக்கில்ல அண்ணா, ஆசைப்படாதீங்க."

கரையில கண்டது

எனக்கு விடிய மட்டும் மண்டை குடைஞ்சுது. காலையில வாவிக் கரைக்குப் போய் நிண்டன். தர்மிகாட அப்பாவும் இன்னும் மூண்டு பேரும் தோணிய இழுத்துப் போட்டு, மீன மணல்ல கூறு கூறாக் குவிச்சாங்க. நாலு பேருக்கு ஆறு கூறு.

"மாமா, மத்த ரெண்டு பேரும் எங்க?" எண்டு கேட்டன். அந்த ரெண்டு கூறும் தோணிச் சொந்தக்காரனுக்கும் வலைச் சொந்தக்காரனுக்குமாம். அப்பதான் எனக்கு விளங்கிச்சு: அப்பிளோட விட்டிருந்தா ஒரு வில்லங்கமும் வந்திராது. அவர் ஈரச் சாரத்தப் புழிஞ்சுகொண்டு என்ன மேலயும் கீழயும் பாத்தார்: "தோணியும் வலையும் என்ன, நம்மளோட சும்மா காத்து வாங்கவா தம்பி வந்த?"

சேர் வந்த பின்னேரம்

அண்டைக்கே புள்ளைகளுக்குச் சொன்னன், புத்தகத்து மீனெல்லாம் சந்தையில வாங்கின மீன், அதுக்குத் தோணியும் இல்ல, வலையும் இல்ல எண்டு. தலையாட்டினதுகள். தவணை முடிய சேர் வந்தார். மாங்கா கேக்கோணும், தேங்கா கேக்கோணுமெண்டு நான் நேர்ந்துகொண்டு நிக்கிறன். அவர் கேட்டார்: "இருபத்தி நாலு மீன், நாலு பேர். ஆளுக்கு எத்தின?"

புள்ளைகள் ஆளையாள் பாக்குதுகள். உடைஞ்ச மேசையெல்லாம் உள்ள வாறது என்ட கண்ணுக்குத் தெரியிது. தர்மிகா ஒழும்பினாள். "சேர், புடிச்ச மீனா, வாங்கின மீனா?"

"அதில என்ன இரிக்கு?"

"வாங்கினதெண்டா ஆறு. புடிச்சதெண்டா நாலு, தோணிக்கும் வலைக்கும் குடுக்கோணுமே."

சேர் என்னப் பாத்தார். நான் கூரையப் பாத்தன். அவர் மெல்ல முன் வாங்கில, அந்தப் புள்ளைகளுக்கு நடுவில குந்தி, "அப்ப வலை தர்மிகாட அப்பாடதெண்டா அவருக்கு எத்தின?" எண்டு கேக்கத் தொடங்கிற்றார். எட்டெண்டு வகுப்பே கத்திச்சு. போகக்குள்ள வாசல்ல நிண்டு சொன்னார்: "திறப்ப நீங்களே வச்சிருங்க தம்பி, மேசைக்கு வேற இடம் பாப்பம்."

கணக்குக்கு பெயில் விட்ட நான் இப்ப எந்தக் கணக்கக் கண்டாலும் முதல்ல தேடுறது விடைய இல்ல, தோணி ஆருடதெண்டுதான்.