சேமிக்கச் சொல்லி விற்ற நோட்டு

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. எழுத்து கோணும், நடந்தது முன்பின்னாக வரும், பாதி மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடிப் பக்கம் பெண்கள் கல்லூரி விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறேன். அங்கே ஒன்பது பிள்ளைகளும் நானுமாகச் சீட்டுப் போட்டோம். வாரம் ஆளுக்கு ஐம்பது. சேருகிற ஐந்நூறு அந்த வாரத்து முறைக்காரிக்கு. பணம் என் பருப்பு டப்பாவில் இருக்கும். கடைசி முறையைப் புதுவயல் பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் அம்மாவுக்கு அரிசி ஆலையில் கூலி வேலை. பரீட்சைக் கட்டணம் கட்டும் நாள் அந்த வாரம்தான் வரும் என்று முன்னமே யோசித்து வைத்திருந்தாள்.

அந்த வாரம் பார்த்துத்தான், பிள்ளைகளுக்குப் பணத்தைக் கையாளவும் பாடம் படிக்கவும் சொல்லிக்கொடுக்க ஒருவர் காரில் வந்து இறங்கினார். இரண்டு நாள் வகுப்பு. நான் டீ கொண்டுபோன நேரம், ஒரு பிள்ளை வெள்ளந்தியாகச் சீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

“சீட்டா! அடுத்தவங்க கையில பணத்தக் கொடுத்துட்டு நிம்மதியாத் தூங்குவீங்களா? இன்னைக்கே கலைங்க. அவங்கவங்க பணம் அவங்கவங்க கையில. அதுதான் முதல் பாடம்.”

வார்டன் அம்மா என்னைப் பார்த்தார். நான் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவள். டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஐம்பதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்பது பேர் எடுத்து முடித்த சீட்டை, பத்தாவது ஆள் கை நீட்டும்போது கலைத்த புத்திசாலி நான்தான். படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டாவது பாடம், செலவை எழுத ஒரு நோட்டு. அட்டையில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார். விலை ஐம்பது. பிள்ளைகள் கையில்தான் அப்போது ஐம்பது இருந்ததே! எனக்கும் ஒன்றை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு வாங்கி, பேரும் எழுதிவிட்டேன். ஆக, முறையே இல்லாத பதினோராவது ஆள் சீட்டை எடுத்துவிட்டார்.

மூன்றாவது பாடம் படிப்பு. சேர்ந்து படிக்கக் கூடாதாம். தனித்தனியாக, அலாரம் வைத்து, இருபத்தைந்து நிமிடமாம். அதுவரை சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். வெங்காயம் உரிக்கிற எனக்கே பாதிப் பாடம் மனப்பாடம். அன்று சாயங்காலம் மூலைக்கு ஒரு அலாரம் அலறியது. அதை அணைக்க ஓடியதுதான் படிப்பு.

மறுநாள் காலை புதுவயல் பிள்ளை அடுப்படிக்கு வந்து நின்றாள்.

“ஆயாம்மா, நாலு மணிக்குள்ள கட்டணும். அம்மாவுக்குச் சனிக்கிழமைதான் கூலி. இல்லாட்டி பரீட்சை எழுத விடமாட்டாக.”

“நோட்டுல எழுதிப் பாத்தியாடி?” என்றாள் கூட வந்தவள்.

“என்னத்த எழுத? வரவு ஒண்ணுமில்ல. செலவு இந்த நோட்டு ஒண்ணுதான்.”

சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. பத்து நோட்டையும் வாங்கி, டீத் தட்டில் அடுக்கி, வகுப்பு நடுவே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

“என்னம்மா இது?”

“வேண்டாத செலவக் குறைக்கச் சொன்னீகளாம்ல... பிள்ளைக குறைச்சிட்டாக. பணத்தக் குடுத்துருங்கய்யா.”

கூடமே சிரித்தது. வார்டன் அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார் என்று நினைவு. வகுப்பெடுத்தவர் ஒவ்வொரு நோட்டாகப் புரட்டிப் பார்த்து, என் பேர் எழுதியதை மட்டும் தள்ளிவிட்டு, ஒன்பதுக்கு எண்ணிக் கொடுத்தார். மிச்ச ஐம்பதை நான் போட்டு, ஐந்நூறையும் புதுவயல் பிள்ளை கையில் கொடுத்தேன். அவள் ஓடிப்போய்க் கட்டிவிட்டு வந்தாள்.

தள்ளிவிட்ட அந்த நோட்டில்தான் இதை எழுதுகிறேன். ‘இந்த மாத வரவு’ என்று போட்ட பக்கம் சும்மா கிடக்கிறது. அவள் கட்டியது மூன்று மணிக்கா மூன்றரைக்கா, ஐந்நூறு போதுமாக இருந்ததா, மேலே சில்லறை சேர்த்தாளா என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. ரசீதை அவள் பத்திரமாக வைத்திருப்பாள். இதைப் படித்தால், எடுத்துப் பார்த்து, தப்பு இருந்தால் அவளே திருத்தட்டும்.