அவள் பிரித்த வண்டுகள்

டெல்லியில் ஒரு பூச்சி சேகரிப்பகத்தில் பதினாறு வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஊசியில் குத்திய பூச்சிகளை இனம் பிரித்து, சீட்டு எழுதி, மரப்பெட்டிகளில் அடுக்குவேன். வேறு பூச்சிகள் வந்து அவற்றைத் தின்றுவிடாமல் காப்பதும் என் வேலைதான். என் பொறுப்பில் இருப்பது இருள் வண்டுகள் என்ற குடும்பம். பெயரைக் கேட்டுப் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ரவை டப்பாவில் ஊரும் செம்பழுப்புப் பூச்சி இந்தக் குடும்பம்தான். ராஜஸ்தான் மணலில் ஓடும் கூழாங்கல் போன்ற கறுப்பு வண்டும் இதே குடும்பம். மரப்பட்டைக்கு அடியில் பூஞ்சை தின்று வாழ்பவை, பொறிவண்டு மாதிரி உருண்டையாக இருப்பவை, எறும்புப் புற்றில் ஒண்டிக்கொள்பவை என்று இதில் வராத உருவமே இல்லை. அதனால் பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. லென்ஸுக்கு அடியில் வைத்துப் பாதத்தின் கணுக்களை எண்ண வேண்டும். முன்கால்களிலும் நடுக்கால்களிலும் ஐந்து, பின்கால்களில் நான்கு. அப்படி இருந்தால் முதலில் என் மேஜைக்கு வரும்.

அவள் எங்கள் கட்டிடத்தைப் பெருக்கித் துடைக்க ஒப்பந்தக்காரர் மூலமாக வந்தவள். முதல் ஒரு மாதம் அவள் தமிழ் என்றே எனக்குத் தெரியாது. என்னிடம் இந்தியில்தான் பேசினாள். ஒரு நாள் வாளியைக் காலில் இடித்துக்கொண்டு, "அய்யோ எம்மா" என்றாள். நான் திரும்பி, "எந்த ஊரு அக்கா?" என்று கேட்டேன். துடைப்பத்தை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "கள்ளக்குறிச்சி பக்கம். நீங்க தமிழாக்கா? பார்த்தா பஞ்சாபி மாதிரி கீறீங்களே" என்றாள்.

நான் டெல்லியில் பிறந்தவள். அப்பா மத்திய அரசு குமாஸ்தா. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு மயூர் விஹார் ஃப்ளாட்டில் தனியாக இருந்தேன். வீட்டில் தமிழ் பேச ஆளில்லை, அலுவலகத்திலும் இல்லை. அன்று முதல் அவள் இருந்தாள். எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்று கடைசிவரை தெரியவில்லை. அவளுடைய ஆதார் அட்டையில் பிறந்த நாள் ஜனவரி ஒன்று என்று யாரோ போட்டு வைத்திருந்தார்கள். அதனால் நான் அவளை அக்கா என்றேன், அவளும் என்னை அக்கா என்றாள்.

அப்போது நான் நகரத்து மாவுக் கடைகளிலிருந்து வண்டுகளை உயிரோடு கொண்டுவந்து, மெல்லிய துணி கட்டிய கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரே இனம் என்று சீட்டு ஒட்டியிருந்தேன். மே மாதம் ஒரு மத்தியானம், ஏசி நின்றுபோய் அறை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, இந்த பாட்டில்ல ரெண்டு சாதி கீது."

"எல்லாம் ஒண்ணுதாங்க்கா. செவப்பு மாவு வண்டு."

"இல்லக்கா. சூடு ஏறினா ஒண்ணு ரெக்கய விரிச்சு மேல துணில வந்து முட்டும். இன்னொண்ணு கம்முனு மாவுலயே கெடக்கும், பறக்கவே பறக்காது. ஆட்டா மில்லுல ஆறு வருசம் சலிச்சன். எனக்குத் தெரியாதா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் மனம் கேட்காமல் இருபது வண்டுகளை எடுத்து லென்ஸில் வைத்தேன். சிலவற்றுக்கு உணர்கொம்பின் கடைசி மூன்று கணுக்கள் சட்டென்று பருத்துக் குண்டாந்தடி போல இருந்தன. மற்றவற்றுக்கு அடியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டு போயின. இரண்டு இனங்கள். இரண்டும் ஒரே குடுவைக்குள் இருந்தும் நான் கவனிக்கவில்லை. மறுநாள் அவளிடம் சொன்னேன். "அச்சா" என்று மட்டும் சொன்னாள். ஆனால் அன்று மதியம் டிபன் டப்பாவோடு என் அறைக்கே வந்து உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் மூன்று வருடம் தினமும் அந்த ஒரு மணி நேரம் எங்களுடையது. எள்ளளவு வண்டை முக்கோணக் காகித நுனியில் பசை வைத்து ஒட்டுவது கடினமான வேலை. எனக்குப் பத்தில் இரண்டு கோணிக்கொள்ளும், அவளுக்கு ஒன்றுகூடக் கோணாது. தன் குடியிருப்பிலிருந்து மருந்து டப்பாவில் வண்டுகளைக் கொண்டுவருவாள். செங்கலுக்கு அடியில் கிடந்தது, மக்கிய பலகையில் இருந்தது, ரயில் பாதை ஓரத்து மணலில் ஓடியது என்று ஒவ்வொன்றுக்கும் இடம் சொல்வாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் லத்தீன் பெயர்களுக்குப் பதிலாகத் தானே பெயர் வைத்தாள். முதுகில் மண் ஒட்டியே திரிவது மண்பூசி. வழுவழுப்பான கறுப்பு உருண்டை உருட்டுக்கல். தொட்டால் டிங்சர் வாசனை விட்டு விரலைப் பழுப்பாக்குவது டாக்டரம்மா. தனியாக இருக்கும்போது நானும் அந்தப் பெயர்களைத்தான் சொன்னேன். பேச்சு எப்போதும் வண்டோடு நிற்காது. அவளை விட்டுவிட்டுப் போன கணவன், படிக்கிற மகள், எனக்கு முடியாமல் போன கல்யாணம் எல்லாம் அந்த மேஜைமேல் வரும்.

ஒரு நாள் ஊசியின் அடியில் செருகிய சீட்டைக் காட்டிக் கேட்டாள். "இதுல இன்னாக்கா எழுதுவீங்க?"

"எங்க, எப்ப, யாரு பிடிச்சதுன்னு."

"அப்ப இந்த உருட்டுக்கல்லுல எம்பேரா கீது?"

அதில் என் பெயர் இருந்தது. வெளியாள் பெயர் போட்டால் மேலே கேள்வி வரும் என்று நானாகவே நினைத்து அப்படி எழுதியிருந்தேன். யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டே, "பரவால்லக்கா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த கோடையில் அவள் இருந்த குடிசைப் பகுதியை அரசாங்கம் இடித்தது. நோட்டீஸ் வந்தது, வழக்கு நடந்தது, நின்றுவிடும் என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. புதன்கிழமை வேறொரு பெண் வாளியோடு வந்தாள். போன் அணைந்திருந்தது. வீடு ஒதுக்கப்பட்டவர்களை நகரத்தின் வடக்கு ஓரத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று காவலாளிதான் சொன்னார். ஒரு மணி ஆனால் என் காது வராந்தா பக்கம் போகும். டிபனைத் திறந்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றன்றைக்கு அவளிடம் சொல்ல வேண்டியவை சொல்லாமலே சேர்ந்துகொண்டிருந்தன.

தீபாவளி கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். மெட்ரோ, பிறகு பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. பாதி காலியான நாலு மாடிக் கட்டிடங்கள் வரிசையாக நின்றன. தமிழ்க் குடும்பங்கள் எங்கே என்று மளிகைக் கடையில் இந்தியில் கேட்டேன். கடைக்காரர் கை காட்டிய பிளாக்கில் மூன்றாவது மாடியில் அவள் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். "இவ்ளோ தூரம் ஏங்க்கா வந்தீங்க?" என்று சொல்லிக்கொண்டே என் பையை வாங்கிக்கொண்டாள். போன் இடிபாட்டில் போய்விட்டதாம். என் நம்பரும் அதோடு போயிற்றாம்.

பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பா பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். திரும்ப வந்துவிடுங்கள், நான் ஒப்பந்தக்காரரிடம் பேசுகிறேன் என்றேன்.

"போக ரெண்டரை மணி, வர ரெண்டரை மணி. பொண்ணு தனியா இருப்பா. நடக்காதுக்கா."

பிறகு நான் வந்த இன்னொரு காரியத்தைச் சொன்னேன். எங்கள் வேலையில் பழைய சீட்டை எடுக்கக் கூடாது, ஆனால் அதன் அடியில் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். அவள் பிடித்த எல்லாவற்றிலும் அவள் பெயரைச் சேர்க்கப் போகிறேன் என்றேன். அவள் மகளைக் கூப்பிட்டு, "எம் பேர தமிழ்ல எழுதிக் குடு" என்றாள். பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. தமிழ்ப் பள்ளியில் ஒரே ஒரு வருடம்தான் படித்திருந்தாள். இடம் மாறியதும் பக்கத்து இந்திப் பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். முதல் இரண்டு எழுத்துகளை எழுதிவிட்டு மூன்றாவதில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். "யாத் நஹீ, ஆன்ட்டி" என்றாள் மெதுவாக, மறந்துபோய்விட்டது என்று. அம்மா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூன்றாவது எழுத்தைக் காற்றில் எழுதிக் காட்டினேன். பெண் அதைப் பார்த்து எழுதி முடித்தாள்.

அந்த மாதமே எழுபத்தொரு வண்டுகளுக்குப் புதுச் சீட்டு போட்டேன். மேலே யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவளுடைய புது போனில் கூப்பிட்டுச் சொன்னபோது, "எழுபத்தொண்ணா? நான் நூறு குடுத்தன்" என்று சிரித்தாள். மீதியை நான்தான் கோணலாக ஒட்டி உடைத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு மாதம் ஒரு முறை ஆயிற்று. சென்ற வருடம் மகளை அழைத்துக்கொண்டு திருப்பூருக்குப் போகிறேன், பனியன் கம்பெனியில் அண்ணன் வேலை பார்த்து வைத்திருக்கிறார் என்றாள். ரயில் ஏறும் முன் வந்து பார்க்கிறேன் என்றாள். வரவில்லை. அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

மயூர் விஹார் மெட்ரோ ஸ்டேஷனில் காலையில் கட்டிட வேலைக்குப் போகும் பெண்கள் சில நாள் கூட்டமாக நிற்பார்கள். அவர்களுக்குள் "இன்னாக்கா" என்று ஒரு குரல் கேட்டால், நான் வழக்கமாக ஏறும் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்திருந்தும் நான் அவர்கள் பக்கமாகப் போய் நின்றுகொள்கிறேன். அவர்கள் இறங்கும் வரை பேச்சைக் கேட்டுக்கொண்டே போகிறேன்.