கீழே ஆள் இல்லாத அணை

அணைகளுக்கு அபாய வகை என்று ஒன்று உண்டு. அதை விளக்கி விளக்கியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. அணைக்கு எவ்வளவு வயதாகிவிட்டது, எங்கே கசிகிறது என்பதெல்லாம் வேறு கணக்கு. ஒருவேளை உடைந்தால் கீழே எத்தனை உயிர் போகும் என்பதுதான் அபாய வகை. கீழே வெறும் தோப்பு என்றால் குறைந்த அபாயம், குடித்தனங்கள் இருந்தால் அதிக அபாயம். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

என் அத்தானுக்குப் புரியவில்லை. அக்காவின் கணவரான அவர் இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் குடியிருந்துகொண்டு குடிநீர் வேலையில் பொறியாளராக இருந்தேன். மலையடிவாரத்துப் பழைய குடிநீர் அணை ஒன்று எங்கள் பொறுப்பு. எண்பதுகளின் கடைசியில் அதைக் குறைந்த அபாயம் என்று வகைப்படுத்தியபோது கீழே மாந்தோப்பும் ஒரு மோட்டார் ரூமும்தான் இருந்தன. குறைந்த அபாயம் என்ற அந்தச் சேதி எப்படியோ ஒரு புரோக்கர் காதுக்குப் போய், அவர் தோப்பை வெட்டி மனை போட்டுவிட்டார். அத்தான் அதில் ஒரு மனையை வாங்கிப் பத்திரம் முடித்த பிறகுதான் என்னிடம் சொன்னார்.

"கவர்மெண்டே அபாயம் இல்லன்னு சொல்லிட்டாகளாமே!"

"அத்தான், கீழ ஆளில்லன்னுதான் அப்படிப் போட்டது. நீங்க குடி போனா அதிக அபாயம்னு மாத்தணும்."

"நான் என்ன, அணையை இடிக்கவா போறேன்?" என்று சிரித்தார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அணை நிரம்பினால் உபரித் தண்ணீர் மறுகால் பாயும் ஓடைக்கரையிலேயே வீடு கட்டினார். பக்கத்தில் இன்னும் சில வீடுகள் வந்தன. நாங்கள் வகையை மாற்றினோம். மாற்றினால்தான் அபாயச் சங்கு, காவலாள், அடிக்கடி சோதனை எல்லாம் கிடைக்கும். அவர்கள் நல்லதுக்குத்தான். ஆனால் எச்சரிக்கைப் பலகை நட்ட அன்றே அக்கா என் மேல் பாய்ந்தாள்.

"ஏட்டி, எம் மகளைக் கட்டிக் குடுக்கணுமா வேண்டாமா? இப்படி போர்டு வச்சா எவன் பொண்ணு பாக்க வருவான்?"

கொஞ்ச நாளில் பலகையைக் காணோம். யார் பிடுங்கியது என்று கேட்டால் தெருவே வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஒரு ஐப்பசியில் மலையில் விடாத மழை. மறுகால் பாயத் தொடங்கியதும், எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒருத்தரும் நகரவில்லை. அத்தான் மில்லில் இருந்தார். அக்காவும் மகளும் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அணை உடையப் போவுதாட்டி?"

"அப்படிச் சொல்லலக்கா. அணை நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

"நல்லாத்தான் இருக்குன்னு நீயே சொல்லுதே. பொறவு நான் எதுக்குப் பெட்டியத் தூக்கணும்? செத்த உக்காரு, வடை தின்னு."

கத்தினேன், கெஞ்சினேன், ஆத்திரத்தில் அழுதே விட்டேன். அவள் அசையவில்லை. மகளையாவது அனுப்பு என்றேன். அதற்கும் மாட்டேன் என்றாள். விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. ஓடைத் தண்ணீர் வாசற்படியைத் தொட்டபோது உண்மையாகவே பயந்தேன். என்ன வந்தாலும் சேர்ந்தே வரட்டும் என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் மழை வெறித்தது, தண்ணீரும் வடிந்தது.

அடுத்த முறை போனபோது அக்கா வீட்டுக்கு எதிரே, ஓடைக்கு இன்னும் நெருக்கமாக, புது வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே யார் உங்களை வீடு கட்டச் சொன்னது என்று மனைக்காரரிடம் எரிந்து விழுந்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கும்பிட்டார்.

"நீங்கதான அந்த இன்ஜினியரம்மா? உங்க அக்கா எல்லாம் சொன்னாக. அம்புட்டு மழையிலயும் நீங்களே இங்க வந்து உக்காந்திருந்தீகளாமே! பொறவு எங்களுக்கு என்னம்மா பயம்?"